தருமபுரி: பெருந்தொற்றும் அன்றாட நோய்களும்

பெருந்தொற்று அலை எழும்போது ஒரு மாவட்டத்தின் மருத்துவமனைகளில் முதலில் பற்றாக்குறையாவது ஆள்பலம். கட்டில்களை ஒரே நாளில் கல்லூரி விடுதியிலும் போட்டுவிடலாம். ஆக்சிஜன் குழாயைச் சில வாரங்களில் இழுத்துவிடலாம். ஒரு செவிலியர் படித்து முடிக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். செயற்கைச் சுவாசக் கருவியைக் கையாளும் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் உருவாக ஏழெட்டு ஆண்டுகளாவது வேண்டும். இருக்கும் ஆட்களைத் தொற்று வார்டுக்கு மாற்றியதும், அதுவரை அவர்கள் பார்த்துவந்த நோயாளிகளை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுகிறது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பாம்புக்கடியும் பிரசவமும் கொரோனா முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 2020 முதல் 2022 வரை வந்த மூன்று அலைகளிலும் தமிழ்நாடு முழுவதும் இந்தச் சிக்கல் இருந்தது. தொலைவும் வறுமையும் சேர்ந்த தருமபுரி போன்ற மாவட்டத்தில் அது இன்னும் கடுமையாக இருந்தது.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2ஆம் நாள் பிரிந்த தருமபுரி, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபின் இன்றைய அளவுக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 15,06,843. நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கிராமத்தில் இருப்பவர்கள். எழுத்தறிவு 68.5 சதவீதம், அந்தக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் கடைசி இடம். மழையை நம்பிய மேட்டு நிலங்கள் அதிகம். பாலக்கோடு பக்கம் தக்காளி, மற்ற இடங்களில் ராகியும் மாமரமும் மரவள்ளியும். விளைச்சல் கைவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது இங்கே இரண்டு தலைமுறைப் பழக்கம். உடம்புக்கு முடியவில்லை என்றால் இந்தக் குடும்பங்களுக்குக் கடைசிப் புகலிடம் அரசு மருத்துவமனைதான்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அது மாவட்டத் தலைமை மருத்துவமனை. மக்கள் இன்றும் ஜி.எச். என்றே சொல்கிறார்கள். அரூர், பென்னாகரம், பாலக்கோடு ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உண்டு. அவற்றின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களும், கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கும் துணை சுகாதார நிலையங்களும் இயங்குகின்றன. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். துணை நிலையத்துக்கு அது 5,000, மலையில் 3,000. இந்த அளவுகோல்கள் தலையை எண்ணிப் போடப்பட்டவை; மலைக்குத் தரும் சலுகையும் தலைக்கணக்கில்தான் வருகிறது. நடக்க வேண்டிய தூரம் கணக்கில் வருவதில்லை.

பென்னாகரம் வட்டத்தில் கோட்டூர் மலை, ஏரிமலை, அலகட்டு போன்ற ஊர்களுக்கு நீண்ட காலம் வண்டி போகும் பாதை கிடையாது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் மலையேறும். நோயாளியோ மூங்கிலில் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கப்படுவார். 108 ஆம்புலன்ஸ் அடிவாரத்தில்தான் காத்திருக்க முடிந்தது. அரூர் பக்கம் சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குப் பெரிய சிகிச்சை என்றால் முதலில் அரூர், பிறகு தருமபுரி. அதற்கும் மேலே என்றால் சேலத்து மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை. தருமபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். தலையில் பலத்த அடி என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை. சாதாரண நாளிலேயே இந்தச் சங்கிலி நீளமானது.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7ஆம் நாள் கண்டறியப்பட்டார். தருமபுரிக்குத் தொற்று தாமதமாகத்தான் வந்தது. ஏப்ரல் பிற்பகுதி வரை ஒரு தொற்றும் பதிவாகாத ஒருசில மாவட்டங்களில் இதுவும் ஒன்று. ஆனால் கிருமி வருமுன்பே ஊரடங்கு வந்துவிட்டது. மார்ச் 24 மாலையிலிருந்து பேருந்துகள் நின்றன. பெங்களூரிலிருந்து வேலையிழந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு நோயாளிகூட இல்லாத நிலையிலும் மருத்துவமனை தொற்றுக்காகத் தன்னை மாற்றிக்கொண்டது. தனி வார்டு ஒதுக்கப்பட்டது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் நாடெங்கும் போலவே தள்ளிவைக்கப்பட்டன. கண்புரையோடு இருந்தவர் மங்கலான கண்ணோடும், குடலிறக்கத்தோடு இருந்தவர் அந்த வலியோடும் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

2020 ஜூன் 1ஆம் நாள் பேருந்துகள் பாதியளவு ஓடத் தொடங்கியபோது அரசு மாநிலத்தை எட்டு மண்டலங்களாகப் பிரித்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் ஒரு மண்டலத்தில் வந்தன. சேலம் கோவையோடும் ஈரோட்டோடும் சேர்ந்து வேறு மண்டலத்தில். தொற்றுப் பரவலைத் தடுக்கும் நோக்கில் பார்த்தால் இந்தப் பிரிவில் நியாயம் இருந்தது. ஆனால் தருமபுரி நோயாளியின் வழி காலங்காலமாகத் தெற்கே சேலத்துக்கும் வடக்கே பெங்களூருக்கும் போவது. ஒன்று மண்டல எல்லையால் அடைபட்டது, மற்றது மாநில எல்லையால். பேருந்து போகும் வேலூரோ யாருக்கும் பழக்கமில்லை. மருத்துவக் காரணத்துக்கு எல்லை தாண்ட இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு உண்டுதான். அதைக் கைப்பேசியில் விண்ணப்பிக்கத் தெரிய வேண்டும், வாடகைக் காருக்குப் பணமும் வேண்டும். எழுத்தறிவில் கடைசியில் நின்ற மாவட்டத்தில் இந்த இரண்டும் சின்ன நிபந்தனைகள் அல்ல. மாநிலத்துக்குள் இ-பாஸ் முறை செப்டம்பர் 1ஆம் நாள்தான் விலக்கப்பட்டது. மாவட்டங்களுக்கிடையே பேருந்து அதற்கும் ஒரு வாரம் கழித்து ஓடியது.

மருத்துவமனைக்குள் ஆள்பலம் எப்படிக் கரைகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு வார்டில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் வாரத்துக்கு 21 டூட்டி. வார விடுமுறை போக ஒருவர் ஆறு டூட்டி பார்ப்பார். ஆக மூன்றரை ஆள் போதும். கவச உடையோடு எட்டு மணி நேரம் இருக்க முடியாது என்பதால் ஷிஃப்ட் ஆறு மணி நேரமாகக் குறைக்கப்படும்போது வாரத்துக்கு 28 டூட்டி ஆகிறது. ஒருவர் ஒரு நாள்கூட விடுமுறை இல்லாமல் ஏழு நாளும் வந்தால் நான்கு பேர் வேண்டும். முதல் அலையில் பல அரசு மருத்துவமனைகளில் ஒரு வாரம் வேலை பார்த்தவர் அடுத்த வாரம் தனிமையில் இருக்க வேண்டும் என்ற முறை இருந்தது. அப்படியானால் இன்னொரு நான்கு பேர். மூன்றரை ஆள் பார்த்த அதே வேலைக்கு எட்டுப் பேர். நோயாளி ஒருவர்கூடக் கூடாமலேயே தேவை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. நோயாளிகளும் கூடும்போது நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பெருந்தொற்றுக்கு முன்பும் இந்த விதி பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது. இரவு டூட்டியில் ஒரே செவிலியர் முப்பது, நாற்பது பேரைப் பார்ப்பது பழகிப்போன காட்சி. கொரோனா இந்தக் குறையைப் புதிதாக உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைத் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்கியது.

கவச உடையோடு கழியும் அந்த ஆறு மணி நேரத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். டூட்டிக்கு வரும் செவிலியர் தண்ணீர் குடிப்பதை ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார், ஏனென்றால் உடை அணிந்தபின் கழிப்பறைக்குப் போக முடியாது. கையுறை, முழு உடல் அங்கி, என்-95 முகக்கவசம், கண்ணாடி, அதன்மேல் முகத்திரை, இரண்டாவது கையுறை, கால் உறை. எல்லோரும் ஒரே மாதிரி தெரிவதால் முதுகில் பெயரை எழுதிக்கொள்வார்கள். ஏப்ரல், மே வெயிலில் தொற்று வார்டில் ஏசி கிடையாது. பத்து நிமிடத்தில் வியர்வை கண்ணாடியை மறைக்கும். அந்த மறைப்பினூடே நரம்பைத் தேடி ஊசி ஏற்ற வேண்டும். இரட்டைக் கையுறையில் நரம்பு விரலுக்குத் தட்டுப்படாது. மாதவிடாய் நாள்களில் இந்த ஆறு மணி நேரம் எப்படிப் போகும் என்று பெண்கள் மட்டுமே அறிவார்கள். செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடையைக் கழற்றும் நேரமே ஆபத்தான நேரம். ஒவ்வொரு படியிலும் கை கழுவி, வெளிப்புறம் உடலில் படாமல் உரித்தெடுக்க இருபது நிமிடம் ஆகும். களைத்துப்போன கை அப்போதுதான் தவறு செய்யும்.

இதே உடையோடு துப்புரவுப் பணியாளர்களும் வார்டு உதவியாளர்களும் வேலை செய்தார்கள். நோயாளியின் துணைக்கு உறவினர் இருக்கக்கூடாது என்ற விதி வந்ததும், வீட்டார் செய்துவந்த எல்லா வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது: சாப்பாடு ஊட்டுவது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, மலம் மூத்திரம் எடுப்பது, இறந்தவரைப் பொதிவது. நம் மருத்துவமனைகள் நோயாளியின் அம்மாவையோ மனைவியையோ சம்பளமில்லாத ஊழியராக வைத்துத்தான் எப்போதும் ஓடுகின்றன. அந்த ஆளை வெளியே நிறுத்தியபோதுதான் அவர் எவ்வளவு வேலை செய்தார் என்பது தெரிந்தது. துப்புரவுப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கூலியும் விடுப்பும் நிச்சயமில்லாதவர்கள்.

இரண்டாம் அலை இதையெல்லாம் சிறிதாக்கிவிட்டது. 2021 மே 10ஆம் நாள் மாநிலத்தில் முழு ஊரடங்கு தொடங்கியது. மே 21ஆம் நாள் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மாநிலம் கண்ட உச்சம் அது. இந்த முறை வந்தவர்கள் மூச்சுத் திணறலோடு வந்தார்கள். ஆக்சிஜன் என்ற ஒரே பொருளைச் சுற்றி மருத்துவமனையின் வேலை முழுவதும் அமைந்தது.

பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும் நோயாளிக்கு அது பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். உயர் ஓட்டக் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் தேவைப்படுபவருக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. திரவ ஆக்சிஜன் தொட்டியும் குழாய் இணைப்பும் உள்ள மருத்துவக் கல்லூரியில் சிலிண்டரை உருட்ட வேண்டியதில்லை என்றாலும், தொட்டியின் அளவைப் பார்ப்பதும் அடுத்த லாரி எங்கே வருகிறது என்று விசாரிப்பதும் தனி வேலையாகின. சிறிய மருத்துவமனைகளில் சிலிண்டர்தான். இரவில் அதை மாற்ற ஓர் ஆள், மாற்றும் அந்த ஒரு நிமிடம் நோயாளி அருகில் நிற்க ஓர் ஆள். மூச்சு முட்டும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தால் ஆக்சிஜன் அளவு ஏறும். குழாய் பொருத்தப்பட்ட, நினைவற்ற ஒருவரை அப்படித் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும். இது மருந்தில்லாத, செலவில்லாத சிகிச்சை. ஆள் மட்டும் வேண்டும், அதுதான் இல்லை.

மருத்துவர் பக்கமும் ஓட்டை விழுந்தது. 2021 ஏப்ரலில் நடக்க வேண்டிய முதுநிலை நீட் தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. நாடு முழுவதும் ஒரு முழு ஆண்டு முதுநிலை மாணவர்கள் வார்டுக்கு வரவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள் தொற்று வார்டுகளின் முதுகெலும்பானார்கள். அறுவை, எலும்பு, கண், மகப்பேறு என எந்தப் பிரிவில் கற்க வேண்டியிருந்தாலும் அந்த மாதங்களில் அவர்கள் கற்றது கொரோனா மட்டுமே.

உடல் களைப்போடு பயமும் இருந்தது. தங்களுக்கு வரும் என்பதைவிட வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம். கைக்குழந்தையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு டூட்டிக்கு வந்த செவிலியர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது, மருத்துவத் துறையில் இருந்த ஒவ்வொருவரையும் உலுக்கியது. சில நாள்களில் மத்திய அரசு 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்கு மருத்துவருக்கு ரூ.30,000, செவிலியருக்கு ரூ.20,000, பிற பணியாளருக்கு ரூ.15,000 ஊக்கத்தொகை அறிவித்தது. பணியில் உயிரிழந்த 43 மருத்துவர்களின் குடும்பங்களுக்குத் தலா ரூ.25 லட்சமும் அறிவிக்கப்பட்டது. இந்த உதவி தேவையானது, நியாயமானது. ஆனால் பணத்தால் டூட்டிப் பட்டியலில் ஒரு பெயரைக் கூட்ட முடியாது.

டூட்டிப் பட்டியலில் பெயர் குறைந்ததன் விலையைக் கொடுத்தவர்களில் பெரும் பகுதியினர் கொரோனா நோயாளிகள் அல்லர். அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்கிச் செல்பவர்கள் முதல் வரிசையில் வருகிறார்கள். குறிப்பிட்ட நாளில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, ரத்தம் பார்த்து, ஒரு மாத மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவது இவர்கள் வழக்கம். ஊரடங்கு அறிவித்தவுடன் இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க அரசு உத்தரவிட்டது நல்ல முடிவு. வந்து வாங்கியவருக்கு அது உதவியது. பேருந்து இல்லாததால் வர முடியாதவருக்கு உதவவில்லை. மேலும், மாத்திரை மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. அளவு ஏறியிருக்கிறதா, காலில் புண் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது தெரியவந்தது. ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்களைத்தான் பேருந்து நின்ற மாதங்கள் மேலும் தள்ளிவிட்டன.

கருப்புப் பூஞ்சை நோய் இந்தத் தொடர்பைக் கண்முன் காட்டியது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு கொரோனாவும் வந்து, அதற்கு ஸ்டீராய்டு மருந்தும் ஏறும்போது ரத்தச் சர்க்கரை எகிறுகிறது. மூக்கிலும் கண்ணிலும் பூஞ்சை இறங்குகிறது. 2021 மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. சர்க்கரை கட்டுக்குள் இருந்திருந்தால் அந்தக் கண்களில் பலவற்றை எடுக்க நேர்ந்திருக்காது.

காசநோயின் கதை இன்னும் அமைதியாக நடந்தது. இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் அது சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. இருமலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவே மக்கள் அஞ்சினார்கள். போனால் கொரோனா என்று எழுதிக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருந்தது. போனவரின் சளியைப் பார்க்க வேண்டிய ட்ரூநாட் கருவிகளும் லேப் டெக்னீஷியன்களும் கொரோனாப் பரிசோதனைக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடிக்கப்படாத ஒரு காசநோயாளி வீட்டிலேயே இருந்தால் அந்த வீட்டுக் குழந்தைக்கும் அது போகும். உலகில் காசநோய் இறப்பு பத்தாண்டுக்கு மேல் குறைந்துவந்து, 2020இல் முதன்முறையாகக் கூடியது.

பாம்புக்கடி தருமபுரிக்கு மிக நெருக்கமான நோய். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் வயலில் வேலை செய்பவர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மாற்று மருந்துதான் கொடுக்கப்படுகிறது. கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். சில நாள் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்திருந்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். வைக்காவிட்டால் அன்றிரவே இறப்பார். பூச்சிமருந்து குடித்தவரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தேவைப்படலாம். மூச்சுக் கருவி, டயாலிசிஸ் கருவி, மயக்கவியல் மருத்துவர், தீவிர சிகிச்சைச் செவிலியர்: கொரோனா வார்டு கேட்டதும் இதே நான்கைத்தான். இளம் வயதில், முழுமையாகக் குணமாகக்கூடிய ஒருவர், குணமாகும் வாய்ப்புக் குறைவான இன்னொருவரோடு ஒரே கருவிக்குப் போட்டி போடும் நிலை மருத்துவத்தில் மிகக் கொடியது. தூளி கட்டி மலையிறங்கி வந்தவருக்கு மணிக்கணக்கில் நேரம் ஏற்கெனவே கழிந்திருக்கும்.

காய்ச்சலும் குழப்பியது. அந்த ஆண்டுகளில் காய்ச்சல் என்றாலே கொரோனா என்ற எண்ணம் மருத்துவரையும் பற்றிக்கொண்டது. டெங்குவும் டைபாய்டும் உண்ணிக்காய்ச்சலும் மழைக்காலத்தில் வழக்கம்போல் வந்தன. உண்ணிக்காய்ச்சலைப் பொறுத்தவரை, மிக மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையைக் காலத்தில் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் நுரையீரலைத் தாக்கி, கொரோனாவைப் போலவே மூச்சுத் திணறலில் கொண்டுவிடும். உடலில் கருகிய சிறு வடு இருக்கிறதா என்று அக்குளிலும் இடுப்பிலும் தேடிக் கண்டால் நோய் தெரிந்துவிடும். தள்ளி நின்று, முகத்திரைக்குப் பின்னாலிருந்து, ஒரு நிமிடத்தில் ஒருவரைப் பார்த்து அனுப்ப வேண்டிய புறநோயாளிப் பிரிவில், அதாவது ஓ.பி.யில், அந்தத் தேடலுக்கு இடமில்லை.

பிரசவத்தை மட்டும் யாராலும் தள்ளிவைக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. பெருந்தொற்று அதைக் குலைத்துவிடாமல் காத்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். ஊருக்குள் காய்ச்சல் கணக்கெடுப்பு, வெளியூரிலிருந்து வந்தவரைக் கண்காணிப்பது, 2021 முதல் கொரோனாத் தடுப்பூசி என்று அரசு கொடுத்த எல்லா வேலைக்கும் நடுவே, யாருக்கு எந்தத் தேதி, யாருக்கு ரத்தம் குறைவு என்ற பட்டியலைக் கையில் வைத்திருந்தார்கள். ஒருவரே இத்தனையும் செய்ததால் குழந்தைத் தடுப்பூசி நாள்களும் வளரிளம் பெண்களைப் பார்ப்பதும் பின்தங்கின. பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து ஆளை எடுப்பதும் எளிதல்ல. 2014 நவம்பரில் தருமபுரி மருத்துவமனையில் சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்து மாநிலமே அதிர்ந்தது. எடைக்குறைவும் குறைப்பிரசவமும் காரணங்களாக அப்போது சொல்லப்பட்டன. மாவட்டத்தில் ரத்தசோகையும் சிறுவயதுத் திருமணமும் இருக்கும்வரை அந்தப் பிரிவு நிறைந்தே இருக்கும்.

சாலையும் ஓயவில்லை. ஊரடங்கில் விபத்துகள் குறைந்தன, தளர்த்தியதும் திரும்பின. 2020 டிசம்பரில் தொப்பூர்க் கணவாயில் கட்டுப்பாட்டை இழந்த லாரி வரிசையாக நின்ற கார்கள்மீது மோதிய விபத்தில் உயிர்கள் போயின. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளால் அந்தக் கணவாய் எப்போதும் ஆபத்தானது. அங்கே காயம்பட்டவர்கள் தருமபுரிக்கோ சேலத்துக்கோதான் போக வேண்டும். தொற்றுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அறுவை அரங்குக்கு ஏற்ற வேண்டியவர்கள் இவர்கள். மருத்துவக் குழு முழுக் கவச உடையில் எலும்பைச் சேர்த்தது.

பெருந்தொற்றில் மற்ற நோய்களால் ஏற்படும் இழப்பு, தொற்றின் இழப்புக்கு ஈடாகவே இருக்கலாம் என்பதை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலாவால் 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே காலத்தில் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் மலேரியா, காசநோய், எச்.ஐ.வி. சிகிச்சை தடைபட்டதால் மட்டும் சுமார் 10,600 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். தருமபுரிக்கோ தமிழ்நாட்டுக்கோ இந்த வகைக் கணக்கைத் துல்லியமாகப் போடுவது கடினம். வீட்டில் மாரடைப்பில் இறந்தவர் எந்தச் செய்திக் குறிப்பின் எண்ணிக்கையிலும் வரமாட்டார்.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது ஆள் பற்றாக்குறை வேறு வடிவம் எடுத்தது. மாநிலத்தில் ஒரு நாள் எண்ணிக்கை மீண்டும் 30,000ஐத் தாண்டியது. தடுப்பூசி போட்டிருந்ததால் மூச்சுத் திணறல் குறைவு, கட்டில்கள் நிரம்பவில்லை. ஆனால் மருத்துவர்களும் செவிலியர்களும் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் படுத்தார்கள். லேசான தொற்றுதான், ஆனால் ஒரு வாரம் டூட்டிக்கு வர முடியாது. நோயாளி குறைந்த அலையிலும் மருத்துவமனை தடுமாறியது.

அலைகளுக்கு நடுவே அரசு செய்த மாற்றங்களில் அன்றாட நோய்க்கு நேரடியாகப் பதில் சொன்னது மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தருமபுரிக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில் அது தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்புகளின் பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது அளித்தது. பேருந்து நின்றாலும் மாத்திரை நிற்காது என்பதே இதன் பெரும் பயன். ஓ.பி. வரிசையும் குறைகிறது, செவிலியரின் நேரம் மிஞ்சுகிறது. தன்னார்வலருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான், ஊதியம் அல்ல என்பது திட்டத்தின் பலவீனம்.

பெருந்தொற்றில் அவசரமாக எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் நிலை வேறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2020இல் சேர்க்கப்பட்டவர்களில் 2,000க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு நீட்டிக்கப்படாமல் முடிந்தது. மாவட்ட அளவிலான பணியிடங்களில் அவர்களுக்கு முன்னுரிமை தரப்படும் என்று அரசு சொன்னது. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் சேலத்திலும் பிற ஊர்களிலும் போராடினார்கள். உயர் ஓட்ட ஆக்சிஜன் கருவியை இயக்கவும், நினைவற்ற நோயாளியைக் குப்புறத் திருப்பவும், கவச உடையைத் தவறில்லாமல் உரிக்கவும் இரண்டாண்டு வார்டில் கற்றவர்கள் அவர்கள். அரசுப் பணியில் அவர்களை வைத்துக்கொள்ளாவிட்டால், அடுத்த அலைக்கு எடுக்கப்படும் புதியவர்களுக்கு இதையெல்லாம் நோயாளிகள் வந்துகொண்டிருக்கும்போதே முதலிலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கும்.